பிளம்பிங், பைப் ஃபிட்டிங் வேலையை அப்ரன்டிஸாகச் சேர்ந்து கற்க நினைக்கிறேன். எதைக் கேட்டுச் சேர வேண்டும், முதலில் எதைக் கற்க வேண்டும்?

பிளாஸ்டிக் குழாயை ஒட்டுவது ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிடும். அளவெடுப்பதும், முடித்த வேலையைச் சோதிப்பதும் படிய வருடங்கள் ஆகும். அதனால் சேரும் இடத்தில் சம்பளத்தோடு சேர்த்து இதையும் கேளுங்கள்: அளவு நாடா என் கைக்கு எப்போது வரும், பிரஷர் டெஸ்ட்டின்போது (குழாயில் அழுத்தம் ஏற்றிக் கசிவு பார்க்கும் சோதனை) நான் உடன் நிற்க முடியுமா? முதல் சில மாதம் பைப் சுமப்பதும் சுவரில் காடி வெட்டுவதும்தான் வேலையாக இருக்கும், அது சகஜம். ஒரு வருடம் கழித்தும் அதே வேலைதான் என்றால் அது பயிற்சி ஆகாது.

எந்தப் பக்கம் போவது என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். பிளம்பர் பார்ப்பது கட்டடத்தின் குடிநீர், வெந்நீர், கழிவுநீர், வென்ட் (காற்றுப்போக்கு) குழாய்கள். பைப் ஃபிட்டர் பார்ப்பது நீராவி, குளிர்நீர், அழுத்தக் காற்று, ஆலைக்குள் ஓடும் எண்ணெய், ரசாயன லைன்கள். இரண்டாவதில் ஐசோமெட்ரிக் வரைபடம் (குழாயின் போக்கை முப்பரிமாணமாகக் காட்டும் படம்) வாசிக்கத் தெரிய வேண்டும், வெல்டரோடு சேர்ந்து வேலை செய்ய வேண்டும்.

பல நாடுகளில் பயிற்சிக் காலம் 3 முதல் 5 ஆண்டுகள். பெரும்பகுதி வேலைத்தளத்தில், மீதி வகுப்பில். ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும். பயிற்சி எந்தத் தேர்வுக்கு, எந்த உரிமத்துக்குச் செல்லும் என்பது அதில் இருக்க வேண்டும். தினமும் என்ன குழாய், என்ன இணைப்பு, எத்தனை மணி நேரம் என்று லாக் புக்கில் எழுதி வாரந்தோறும் கையெழுத்து வாங்கிவிடுங்கள். கடைசியில் மொத்தமாக வாங்கலாம் என்று விட்டால் மேற்பார்வையாளர் மாறியிருப்பார்.

இனி கணக்கு. வரைபடத்தில் இருப்பது பெரும்பாலும் சென்டர் முதல் சென்டர் வரையான அளவு, அதாவது ஒரு இணைப்பின் மையத்திலிருந்து அடுத்ததன் மையம் வரை. அதை அப்படியே வெட்டினால் குழாய் நீண்டுவிடும். 4 அங்குல வெல்டிங் லைனில் இரண்டு 90 டிகிரி லாங் ரேடியஸ் எல்போக்களுக்கு (அகலமாக வளையும் வளைவுத் துண்டுகள்) இடையே 1000 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். எல்போவின் மையத்திலிருந்து முனை வரை, அங்குல அளவைப்போல் ஒன்றரை மடங்கு: 6 அங்குலம், அதாவது 152 மி.மீ. இரண்டுக்கும் 304 கழிக்க 696. வெல்டிங்குக்கு இரு பக்கமும் 3 மி.மீ. இடைவெளி விட்டால் வெட்ட வேண்டியது 690. குழாய் 45 டிகிரியில் விலகிப் போகும் இடத்தில் விலகலை 1.414-ஆல் பெருக்குங்கள், 300 மி.மீ. விலகலுக்குச் சாய்வு நீளம் 424. இதிலும் 45 டிகிரி எல்போக்களின் அளவைக் கழிக்க மறக்கக் கூடாது. 4 அங்குலத்தில் ஒவ்வொன்றும் 64 மி.மீ.

பெயரை நம்பியும் அளக்காதீர்கள். ‘அரை அங்குல’ இரும்புக் குழாயின் வெளிவிட்டம் 21.3 மி.மீ.

மரையில் புதியவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. அரை, முக்கால் அங்குல அளவுகளில் என்பிடி (அமெரிக்க), பிஎஸ்பி (பிரிட்டிஷ்) மரைத் தரங்கள் இரண்டுக்குமே அங்குலத்துக்கு 14 மரை. ஒன்றில் மற்றொன்று சில சுற்று ஏறியும்விடும். ஆனால் மரைக் கோணம் ஒன்றில் 60 டிகிரி, மற்றதில் 55. டெஃப்ளான் டேப்பை எவ்வளவு சுற்றினாலும் அந்த இணைப்பை நம்ப முடியாது. டேப்பைக் குழாயின் முனையைப் பார்த்தபடி கடிகாரச் சுற்றில், இழுத்துப் பிடித்துச் சுற்ற வேண்டும். எதிர்ப்புறம் சுற்றினால் ஃபிட்டிங் ஏறும்போதே உரிந்து வரும். பிளாஸ்டிக் பெண் மரைக்குள் (உட்புற மரை) இரும்பு நிப்பிளை (மரை போட்ட குட்டைக் குழாய்) முழு பலத்தோடு முறுக்கினால் அன்றைக்குக் கசியாமல், சில நாள் கழித்து விரிசல் விடும்.

ஒட்டும் குழாயை நேராக வெட்டி, பிசிறு சீவி, சிமெண்ட் (குழாய் ஒட்டும் பசை) ஈரமாக இருக்கும்போதே அடி வரை செருகிக் கால் சுற்று திருப்பிச் சுமார் 30 விநாடி பிடித்திருங்கள். உடனே கையை எடுத்தால் குழாய் தானாகப் பின்வாங்கும், சாக்கெட்டில் பாதி பிடிப்புதான் மிஞ்சும்.

கழிவுக் குழாயில் எல்லாம் வாட்டம்தான் (சரிவு). சிறிய குழாய்களுக்கு மீட்டருக்கு 20 மி.மீ. என்பது பரவலான கணக்கு. 6 மீட்டர் லைனில் 120 மி.மீ. இறக்கம் வரும், சீலிங்குக்கு மேல் அதற்கு இடம் இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். அதற்காக வாட்டம் கூடினால் நல்லது என்றும் இல்லை. ட்ராப்பிலிருந்து (நாற்றத்தைத் தடுக்க நீர் தேங்கி நிற்கும் வளைவு) வென்ட் சேரும் இடம் வரையான இறக்கம் குழாயின் விட்டத்தைத் தாண்டினால் ட்ராப்பில் நிற்க வேண்டிய நீர் உறிஞ்சப்பட்டு, நாற்றம் அறைக்குள் வரும்.

பிரஷர் டெஸ்ட்டில் முதலில் உச்சியைத் திறந்து காற்றை முழுக்க வெளியேற்ற வேண்டும். சிக்கிய காற்று ஸ்பிரிங் மாதிரி அமுங்கி நிற்கும், சின்னக் கசிவு கேஜில் (அழுத்தமானி) தெரியாது. கேஜ் இருக்கும் உயரத்தையும் குறியுங்கள். 10 மீட்டர் உயர நீருக்குக் கிட்டத்தட்ட 1 பார் வித்தியாசம். பிளாஸ்டிக் குழாய் அழுத்தத்தில் கொஞ்சம் விரியும் என்பதால் முள் முதலில் இறங்கும். மறுபடி பம்ப் செய்து, நிலைத்த பிறகு நேரம் எண்ணத் தொடங்குங்கள். பிவிசி குழாயை அழுத்தக் காற்றால் சோதிக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். நீரோடு உடைந்தால் தரை நனையும். காற்றோடு உடைந்தால் சில்லுகள் பறக்கும்.

சொந்தமாக வாங்க வேண்டியவை கொஞ்சம்தான்: 5 மீட்டர் அளவு நாடா, சிறிய ரசமட்டம், மார்க்கர், ஹாக்சா, 14 அங்குலப் பைப் ரெஞ்ச் இரண்டு. ஏன் இரண்டு என்றால், ஒன்று முறுக்கும்போது மற்றது பிடித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் சுவருக்குள் ஏற்கெனவே போட்ட இணைப்பு தளர்ந்துவிடும். மரை போடும் மெஷின் முதலாளியின் செலவு. மேன்ஹோலுக்குள் மட்டும், வாயு அளக்காமல் யார் சொன்னாலும் இறங்காதீர்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடு அளவு கூடும்போது மூக்கு மரத்துவிடும். நாற்றம் நின்றுபோனால் வாயு போய்விட்டது என்று அர்த்தம் இல்லை.