அமுக்கரா ஒருபுறம் இருக்கட்டும், முதலில் அந்தப் பன்னிரண்டரை மணி தோசையை நிறுத்துங்கள்

கேள்வி: எனக்கு வயது 51. ஆறு மாதமாக மனம் சரியில்லை. காரணமே இல்லாமல் அழுகை வருகிறது. உடம்பு அடித்துப் போட்ட மாதிரி வலிக்கிறது. தைராய்டு மாத்திரை போடுகிறேன். மேலும் மாத்திரை வேண்டாம் என்று எல்லாம் இயற்கை வழியிலேயே செய்து பார்க்கிறேன். காலை வெயில், நெல்லிக்காய்ச் சாறு, வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல், மூச்சுப் பயிற்சி, இரவில் வெந்நீரில் கால் வைப்பது, படுக்கும் முன் பாலில் அமுக்கரா (அஸ்வகந்தா) சூரணம். பலன் இல்லை. மகனுக்கு 26 வயது. வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. ஷிப்ட் முடிந்து இரவு பன்னிரண்டரைக்கு வருவான். சூடாகத் தோசை ஊற்றிக் கொடுப்பேன், போனைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டுவிட்டு ரூமுக்குப் போய்விடுவான். அதுவரை தூங்கிவிடாமல் இருக்கப் பத்து மணிக்கு ஒரு காபி குடிப்பேன். காலை ஐந்து மணிக்கு ரிட்டயரான கணவருக்குக் காபி. நானும் குடித்துவிட்டு, கையோடு தைராய்டு மாத்திரையையும் போட்டுவிடுவேன். இதெல்லாம் பழகிவிட்டது. வேறு என்ன இயற்கை முறை இருக்கிறது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி

பதில்: வேறு எதுவும் வேண்டாம். இருப்பதே அதிகம்.

கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறோம். முழுக் கடிதத்தில் நெல்லிக்காயைக் கொட்டை நீக்கி அரைப்பது எப்படி என்பதுவரை எழுதியிருக்கிறீர்கள். ஆனால் எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள் என்று ஓரிடத்திலும் இல்லை. நானே கணக்குப் போட்டேன். தட்டைக் கழுவி, அடுப்பைத் துடைத்துப் படுக்க ஒரு மணி. எழுந்திருக்க நாலே முக்கால். நாலு மணி நேரம்கூட இல்லை! வளர்ந்த மனுஷருக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும். மகன் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம், உங்கள் மனம் சரியில்லாமல் போய் ஆறு மாதம். இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க உங்களுக்குத் தோன்றவே இல்லையா?

தூக்கம் குறைந்தால் முதலில் கெடுவது மனசுதான். சின்னப் பேச்சும் சுருக்கென்று தைக்கும், அழுகை வரும், உடம்பு வலி இரண்டு மடங்காகத் தெரியும். இதுவே வருஷக்கணக்கில் போனால் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் வந்து சேரலாம். இந்த ஓட்டையை அப்படியே விட்டுவிட்டு மேலே எதை ஊற்றினாலும் நிற்காது.

அந்தக் காபியைப் பாருங்கள். குடித்த காபியின் வீரியம் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். பத்து மணிக்குக் குடித்தது விடியற்காலை மூன்று மணிக்கும் பாதி உள்ளே இருக்கிறது. தூங்காமல் இருக்க ஒரு டம்ளர், மூன்று மணி நேரம் கழித்துத் தூங்குவதற்கு அமுக்கரா ஒரு டம்ளர். என்ன வைத்தியம் இது? அமுக்கரா தைராய்டு சுரப்பைக் கூட்டக்கூடும். மாத்திரை போடுகிறவர், டாக்டரிடம் கேட்காமல் அதைத் தொடக் கூடாது. மாத்திரையையும் காபியோடு போட்டால் உடம்பில் சரியாகச் சேராது. வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி. இயற்கை, இயற்கை என்கிறீர்கள், போடும் ஒரே மாத்திரையும் சரியாகச் சேராமல் வீணாகிறது.

மற்றதெல்லாம் நல்ல பழக்கங்கள்தான், குறை சொல்ல மாட்டேன். எண்ணெய்க் குளியல் சுகமானது, விட வேண்டாம். வெந்நீரில் கால் வைப்பதைப் படுக்க ஒரு மணி நேரம் முன்னால் செய்தால் தூக்கம் சீக்கிரம் வரும். காலை வெளிச்சம் உடம்பின் கடிகாரத்தைச் சரிசெய்யும். ஆனால் வைட்டமின் டி-க்கு ஆறு மணி வெயில் போதாது, சூரியன் நன்றாக மேலே ஏறியிருக்க வேண்டும். மதியம் அரை மணிக்கு மேல் தூங்காதீர்கள்.

சரி, தோசைக்கு வருவோம்.

சூடாகத் தோசை வேண்டும் என்று அவன் கேட்டானா? கேட்டதாக நீங்கள் எழுதவில்லை. போனைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறவனுக்கு அது தோசையா, பிரெட்டா என்பதே தெரியாது. கேட்டது அவன் இல்லை என்றால், அந்தத் தோசை யாருக்காக? பகலில் அவன் தூங்குகிறான், உங்கள் கணவருக்கு அவர் பாடு. நாள் முழுக்க உங்களைத் தேடி யாரும் வருவதில்லை. ராத்திரி பன்னிரண்டரைக்கு மட்டும் ஒருவன் காலிங்பெல் அடிக்கிறான். அந்தப் பத்து நிமிஷத்துக்காகத்தான் காத்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தப் பத்து நிமிஷத்திலும் அவன் உங்கள் முகத்தைப் பார்ப்பதில்லை. காரணமில்லாத அழுகை என்கிறீர்கள். காரணம் இல்லையா?

குடும்பத்துக்காக உழைக்காதீர்கள் என்று நான் யாருக்கும் எழுதியதில்லை, எழுதவும் மாட்டேன். மாமியாரைக் கடைசிவரை பார்த்துக்கொள்ளத்தான் வேண்டும் என்று இதே பக்கத்தில் எழுதி வசவு வாங்கியவள் நான். கைக்குழந்தைக்குக் கண் விழிக்கலாம், காய்ச்சலில் கிடப்பவருக்கு விழிக்கலாம், அது கடமை. கை கால் நன்றாக இருந்து, மாதம் பிறந்தால் சம்பளம் வாங்குகிற 26 வயது ஆண்பிள்ளைக்குத் தோசைக்கல் பக்கத்தில் கண் விழிப்பதைக் கடமை என்று சொல்லாதீர்கள். அவனுக்கு அடுப்பைப் பற்றவைக்கக் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும், அதுதான் கடமை. அதைச் செய்யவில்லை. இன்னும் இரண்டு வருஷத்தில் அவனுக்குப் பெண் பார்ப்பீர்கள். வேலைக்குப் போகிற பெண்ணாகத்தான் வருவாள். அவளும் நடுராத்திரி எழுந்து கரண்டி பிடிக்க வேண்டும் என்று அவன் எதிர்பார்ப்பான். அப்போது ‘நான் செய்தேனே, இவளுக்கு என்ன’ என்று நீங்களே எழுதுவீர்கள். அந்தக் கடிதங்களும் எனக்கு நிறைய வருகின்றன.

கணவரையும் விட மாட்டேன். ரிட்டயரான மனுஷர் ஐந்து மணிக்கு எழுந்து என்ன ஆபீசுக்குப் போகிறார்? டிகாக்‌ஷனை ராத்திரியே இறக்கி வைத்துவிட்டால்... இல்லை, நீங்கள் இறக்க வேண்டாம், அவரே இறக்கட்டும். பால் காய்ச்சுவதைக் கற்றுக்கொள்ள இது ஒன்றும் தாமதமில்லை.

இந்த வாரமே டாக்டரிடம் போங்கள். காரணம் தெரியாத அழுகை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலே காட்ட வேண்டும், நீங்கள் ஆறு மாதம் ஓட்டியிருக்கிறீர்கள். தைராய்டு அளவோடு ஹீமோகுளோபின், பி12, வைட்டமின் டி எல்லாம் பார்க்கச் சொல்லுங்கள். மாதவிடாய் நிற்கும் வயது இது. ராத்திரி வேர்த்து விழிப்பு வருகிறதா என்பதையும் கூச்சப்படாமல் சொல்லுங்கள். மனம் தாங்கவில்லை என்றால் எந்நேரமும் 14416-க்குக் கூப்பிடலாம். அரசின் இலவச மனநல உதவி எண், தமிழிலேயே பேசுவார்கள்.

வாசல் கதவுக்கு இன்னொரு சாவி போட்டு மகன் கையில் கொடுங்கள். மாவு ஃப்ரிட்ஜில், சட்னி பக்கத்தில். மதியம் இரண்டு மணிக்கு மேல் காபி கிடையாது. பத்தரைக்கு விளக்கை அணைத்துவிடுங்கள், எழுந்திருப்பது ஐந்தரைக்கு, ஞாயிற்றுக்கிழமையும் அதே நேரம்தான். மகனோடு பேச வேண்டும் என்றால் அவன் லீவு நாளில் மதியச் சாப்பாட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, போனை உள்ளே வைத்துவிட்டு வரச் சொல்லிப் பேசுங்கள். முதல் வாரம் அவன் ஊற்றும் தோசை கல்லோடு ஒட்டிக்கொள்ளும். புகை வரும், பாத்திரம் உருளும் சத்தம் கேட்கும். நீங்கள் எழுந்து வரக் கூடாது.