நாலு பேர் முன்னால் ஆடத் தயாரா?

கேள்வி: ‘ஃபிரிஞ்ச்’ என்று போஸ்டர்களில் பார்க்கிறேன். பெரிய விழாவில் இடம் கிடைக்காதவர்களை ஓரமாக உட்கார வைக்கும் ஏற்பாடுதானே?

பதில்: யாரும் உட்கார வைக்கவில்லை, அவர்களாகவே போய் உட்கார்ந்தார்கள். 1947இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் முதல் சர்வதேசக் கலைவிழா நடந்தபோது, எட்டு நாடகக் குழுக்கள் அழைப்பில்லாமலே வந்து, கிடைத்த இடத்தில் ஆடின. மறுவருஷம் நாடகாசிரியர் ராபர்ட் கெம்ப், விழாவின் ‘ஓரத்தில்’ (ஆங்கிலத்தில் ‘ஃபிரிஞ்ச்’) நடப்பவை என்று பத்திரிகையில் எழுத, பெயர் ஒட்டிக்கொண்டது. இன்றைக்கும் அங்கே தேர்வுக்குழு கிடையாது. இடம் பிடித்துப் பதிவுக் கட்டணம் கட்டினால் யாரும் ஆடலாம். அதனால் அபத்தமும் இருக்கும், அபாரமும் இருக்கும். உள்ளே போய் உட்கார்ந்தால்தான் தெரியும்.

கேள்வி: நிகழ்ச்சிப் பட்டியல் டெலிபோன் டைரக்டரி கனத்துக்கு இருக்கிறது. எதைப் பார்ப்பது?

பதில்: நோட்டீஸில் இருக்கும் விமர்சன நட்சத்திரங்களை எண்ணாதீர்கள், எல்லோரிடமும் ஐந்து இருக்கும். வரிசையில் பக்கத்தில் நிற்பவரிடம் ‘நேத்து என்ன பாத்தீங்க?’ என்று கேளுங்கள். ஒரு நாளைக்கு மூன்று போதும். நாலாவதில் தூங்கிவிடுவீர்கள், ஆறே பேர் உட்கார்ந்திருக்கும் அறையில் உங்கள் குறட்டை நடிகருக்கு நன்றாகவே கேட்கும்.

கேள்வி: நண்பர்கள் ஐந்து பேர் ஒண்ணேகால் மணி நேர நாடகம் வைத்திருக்கிறோம். இறங்கலாமா?

பதில்: முதலில் இருபத்தைந்து நிமிஷத்தை வெட்டுங்கள். அநேகமாக ஒரு மணி நேரத்துக்குள் ஆடி முடிக்கச் சொல்வார்கள். ஒரே அறையில் நாள் முழுக்க ஒருவர் மாற்றி ஒருவர் ஆடுவதால், செட் போடவும் பிரிக்கவும் சேர்த்துக் கால் மணி கிடைத்தால் அதிர்ஷ்டம். எங்கள் முதல் நாடகத்தில் கட்டில், பீரோ எல்லாம் வைத்திருந்தோம். பீரோ வாசலில் சிக்கி எட்டு நிமிஷம் போயிற்று. கடைசியில் நான் செத்துக்கொண்டே நீளமாகப் பேசும் காட்சி. பாதியில் அரங்க விளக்கு எல்லாம் பளிச்சென்று எரிந்தது. நேரம் முடிந்துவிட்டதாம். கதவருகே அடுத்த குழு கையில் ஏணியோடு நின்றது. எழுந்து, நான் படுத்திருந்த கட்டிலின் ஒரு காலை நானே தூக்கிக்கொண்டு வெளியே போனேன். பார்க்க வந்திருந்தது நாலு பேர், அதில் ஒருவர் மழைக்கு ஒதுங்கியவர். அவர்தான் கைதட்டினார்.

மறுநாளே பீரோவைக் கழித்துக்கட்டி, ஒரு நாற்காலியை வைத்து ஆடினோம். நாடகம் தேறியது அப்புறம்தான். உங்களுடையதும் ஒரு சூட்கேஸில் அடங்குகிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று, ஆடாத நேரமெல்லாம் தெருவில் நோட்டீஸ் கொடுக்க வேண்டியிருக்கும். நீட்டினால் வாங்க மாட்டார்கள். கதையை ஒரே வரியில் சொல்லிவிட்டு நீட்டுங்கள்.

கேள்வி: போட்ட காசு திரும்புமா?

பதில்: திரும்பாது என்றே இறங்குங்கள். கனடாவின் ஃபிரிஞ்ச் விழாக்கள் பலவற்றில் குலுக்கலில் இடம் தருகிறார்கள், குழு வைக்கும் டிக்கெட் விலை முழுக்கக் குழுவுக்கே. டிக்கெட் இல்லாத இடங்களில் ஆட்டம் முடிந்ததும் வாளி ஏந்துவது வழக்கம். வேஷம் கலைக்காமல் நீங்களே வாசலில் நில்லுங்கள், கூச்சப்பட்டால் கூட்டம் நழுவிவிடும். இப்போது யாரிடமும் சில்லறை இருப்பதில்லை, வாளியில் க்யூஆர் கோடு ஒட்டுங்கள். எங்கள் குழுவில் ஒருவர் அதை வாளிக்கு அடியில் ஒட்டினார். நான்தான்.