கேளுங்கள்: மின்னல், அடுப்பு, டீசல் புகை

கேள்வி: காற்றைக் கெடுக்கும் நைட்ரஜன் ஆக்சைடு மின்னலிலும் மண்ணிலும்கூட உண்டாகிறதாமே. பிறகு ஏன் வண்டிகளையே குறை சொல்கிறோம்?

பதில்: காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன் இருந்தும், சாதாரண வெப்பத்தில் அது ஆக்சிஜனைச் சீண்டுவதில்லை. கடும் சூட்டில்தான் இரண்டும் உடைந்து, சேர்ந்து, நைட்ரிக் ஆக்சைடு என்ற நைட்ரஜன் ஆக்சைடு ஆகின்றன. மின்னல் பாதையில் வெப்பம் 30,000 டிகிரியை நெருங்கும். மண்ணிலுள்ள பாக்டீரியாக்களும் அதை வெளிவிடுகின்றன. காய்ந்து கிடந்த நிலத்தில் முதல் மழை விழுந்ததும் அளவு சட்டென்று எகிறும். யூரியாவை அள்ளிப் போட்ட வயலில் இன்னும் கூடும். அதை இயற்கையின் கணக்கில் எழுதுவது நியாயமில்லை. காட்டுத்தீயும் தன் பங்குக்குச் சேர்க்கிறது.

உலகம் முழுக்க மின்னல் தருவது, நைட்ரஜன் எடையில், ஆண்டுக்குச் சுமார் 20 முதல் 80 லட்சம் டன். நிலக்கரியும் பெட்ரோலியமும் எரிவதால் வருவது அதைப்போலப் பல மடங்கு. அதோடு, மின்னலின் சரக்கில் பெரும்பங்கு பல கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும். வண்டியின் சரக்கு நம் மூக்குக்கு நேரே வருகிறது.

கேள்வி: சிரிப்பூட்டும் வாயுவும் இந்த நைட்ரஜன் ஆக்சைடும் ஒன்றா?

பதில்: இல்லை. அது நைட்ரஸ் ஆக்சைடு. நூறாண்டுக்கு மேல் காற்றில் தங்கும். இது தரையருகே பெரும்பாலும் ஒரு நாளைக்குள் மாறிவிடும்.

கேள்வி: கேஸ் அடுப்பு நீலமாக எரிந்தால் கவலையில்லைதானே?

பதில்: நீலச் சுடர் என்றால் கரியும் கார்பன் மோனாக்சைடும் குறைவு, அவ்வளவுதான். சுடரின் சூட்டில் நைட்ரஜன் ஆக்சைடு அப்போதும் உண்டாகும். அதற்கான நைட்ரஜன் கேஸிலிருந்து வரவில்லை, காற்றிலிருந்து வருகிறது. பர்னரை எவ்வளவு துடைத்தாலும் அது போகாது. புகைபோக்கியின் குழாய் வீட்டுக்கு வெளியே போகிறதா என்று பாருங்கள். வடிகட்டி மறுபடி அறைக்குள்ளேயே விடுகிற வகை எண்ணெய்ப் பிசுக்கைத்தான் பிடிக்கும். பற்றவைக்கும் முன்பே விசிறியைப் போட்டு, அணைத்தபின் பத்து நிமிடம் ஓடவிடுங்கள்.

கேள்வி: டீசல் லாரியில் யூரியா கரைசல் எதற்கு?

பதில்: பெட்ரோல் இன்ஜினில் 1 கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று என்று அளவு பிசகாமல் எரிவதால், புகையைச் சுத்தப்படுத்தச் சாதாரண வினையூக்கியே போதும். டீசல் புகையில் ஆக்சிஜன் மிஞ்சிக் கிடக்கும். அங்கே அந்த வினையூக்கி நைட்ரஜன் ஆக்சைடைத் தொடாது. அதனால் 32.5 சதவீத யூரியா கரைசலைச் சூடான புகையில் பீய்ச்சுகிறார்கள். அதிலிருந்து வரும் அம்மோனியா, ஆக்சைடை நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றுகிறது. புகை சுமார் 200 டிகிரியாவது சூடாக வேண்டும். நெரிசலில் ஊர்ந்தால் சூடு ஏறாது. சரியாக ஆவியாகாத கரைசல் குழாயில் வெள்ளையாகப் படிந்து அடைக்கும். வயலுக்கான யூரியாவைக் கரைத்து ஊற்றவே வேண்டாம். அதிலுள்ள கலப்புகள் வினையூக்கியையே கெடுத்துவிடும்.