மேடைக்கு எந்த பிக்கப்? அகூஸ்டிக் கிட்டார் கேள்வி-பதில்

என் கிட்டாரில் தந்திகள் அமரும் சேடில் துண்டுக்கு அடியில், அதிர்வை மின் சிக்னலாக்கும் பீசோ பிக்கப் இருக்கிறது. மேடையில் ஒலி தகரம் போல் கேட்கிறது. பிக்கப்பை மாற்றிவிடலாமா?

அவசரப்படாதீர்கள். தந்தி சேடிலில் தரும் அதிர்வை மட்டுமே பீசோ பிடிக்கிறது. பெட்டிக்குள் காற்று தரும் நிறைவு அதில் வராது. பலமாக அடித்தால் அந்தக் கடினம் இன்னும் தூக்கலாகும். ஆனால் பாதிப் பேருக்குப் பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. உங்களுடையது பேட்டரி இல்லாத பீசோ என்றால், வயர் போய்ச் சேரும் இடத்தின் இன்புட் இம்பீடன்ஸ் (வரும் சிக்னலுக்கு அது காட்டும் மின்தடை) குறைந்தது 1 மெகா ஓம் இருக்க வேண்டும். கிட்டாரை மிக்ஸருடன் இணைக்கும், மின்சாரம் வேண்டாத சாதாரண பாசிவ் டிஐ பாக்ஸில் அவ்வளவு கிடையாது. அதில் நேராகச் செருகினால் அடித்தொனி கரைந்து கீச்சொலி மட்டும் மிஞ்சும். இது தெரியாமல் நல்ல பிக்கப்பைக் கழற்றிப் போட்டவர்களைப் பார்த்து வருந்தியிருக்கிறேன். இடையில் ஒரு ப்ரீஆம்ப், அதாவது சிக்னலை முதலில் வலுப்படுத்தும் கருவி, வையுங்கள். அப்புறம் ஈக்யூவில் (ஒலியின் அலைவரிசைகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் வசதி) 1 முதல் 3 கிலோ ஹெர்ட்ஸுக்குள் உறுத்தும் இடத்தைத் தேடி, கொஞ்சம் குறையுங்கள்.

டிரம்ஸ், பேஸ் உள்ள குழுவில் வாசிக்கிறேன். ஒலியைக் கூட்டினாலே ஸ்பீக்கர் சத்தம் கிட்டாரில் திரும்பப் புகுந்து ஊளையிடுகிறது. மேக்னடிக் பிக்கப் வாங்கலாமா?

தாராளமாக. சவுண்ட்ஹோலில் (பெட்டியின் வட்டத் துளையில்) மாட்டும் மேக்னடிக், பெட்டியின் அதிர்வைவிடத் தந்தியைத்தான் அதிகம் கேட்கும். அதனால் சத்தமான மேடையில் என் முதல் தேர்வு அதுதான். ஒலியில் கொஞ்சம் எலக்ட்ரிக் சாயல் இருக்கும். குழுவுக்குள் அது உறுத்தாது. வெண்கலம் சுற்றிய தந்திகளில் உள்ளிருக்கும் எஃகைத்தான் காந்தம் உணரும், எனவே சுற்றில்லாத முதல் இரண்டு தந்திகள் முந்திக்கொண்டு நிற்கலாம். திருகு வைத்த மாடலாக இருந்தால் அவற்றின் கீழுள்ள திருகுகளை இறக்குங்கள். நைலான் தந்தி என்றால் இது வேலையே செய்யாது.

வாங்கும்வரை ஒரு யோசனை. பெரிய பெட்டி உள்ள கிட்டாரில் ஊளை பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸை ஒட்டி வரும்; திறந்த ஏ தந்தியே 110தான். ஃபேஸ் சுவிட்சை (சிக்னலின் அலையைத் தலைகீழாக்குவது) மாற்றிப் பாருங்கள், பிறகு நாட்ச் ஃபில்டர் (ஊளையிடும் அலைவரிசையை மட்டும் வெட்டுவது). சவுண்ட்ஹோலுக்கு ரப்பர் மூடி போட்டாலும் நன்றாகவே அடங்கும்.

உள்ளே மைக்கும் பீசோவும் சேர்ந்த சிஸ்டத்துக்குக் கூடுதல் செலவு செய்யலாமா?

தனியாகவோ ஒரு பாடகருடனோ வாசிப்பவர் என்றால் செய்யலாம். எல்.ஆர். பேக்ஸ் ஆந்தம் போன்றவற்றில் அடித்தொனியைப் பீசோ பார்த்துக்கொள்ளும், மேலே உள்ளதை மைக் தரும். விரல் உரசுவதுகூடக் கேட்கும். மானிட்டர் (வாசிப்பவருக்கான மேடை ஸ்பீக்கர்) சத்தமாக இருந்தால் மைக்கைக் குறைத்தே ஆக வேண்டும், கொடுத்த காசு அப்போது வீண். அமைதியான மேடைக்கு இன்னொரு வழி, பிரிட்ஜுக்கு (சேடில் பொருந்தும் மரக்கட்டை) அடியில் உள்ளே ஒட்டும் கே அண்ட் கே ப்யூர் மினி வகை பிக்கப். பேட்டரி வேண்டாம், மரத்தின் குரல் வரும். எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் டிரம்ஸ் பக்கத்தில் வேண்டாம்.

சேடில் பீசோவில் ஒரு தந்தி மட்டும் மெலிதாகக் கேட்கிறதே?

சேடிலின் அடிப்பாகம் சமமாக உட்காரவில்லை. கழற்றி, தட்டையான கண்ணாடிமேல் உப்புத்தாள் வைத்து அடியை மட்டும் தேயுங்கள். அதிகம் தேய்த்தால் தந்தி தாழ்ந்து கழுத்திலுள்ள ஃபிரெட் கம்பிகளில் இடிக்கும்.