எக்ஸாம்பில் ரூட் கடவுச்சொல் வைத்த பிறகு உள்ளே நுழைய முடியவில்லையா?

கேள்வி: விண்டோஸ் மடிக்கணினியில் எக்ஸாம்ப் (சொந்தக் கணினியிலேயே இணையதளத்தை ஓட்டிப் பார்க்க உதவும் மென்பொருள் தொகுப்பு) நிறுவி, அதில் ஒரு வேர்ட்பிரஸ் தளம் உருவாக்கி வருகிறேன். பாதுகாப்புக்காக, தரவுத்தளத்தை உலாவியில் நிர்வகிக்கும் பிஎச்பிமைஅட்மின் வழியாக, எல்லா உரிமைகளும் உள்ள ரூட் பயனருக்குக் கடவுச்சொல் வைத்தேன். அதிலிருந்து பிஎச்பிமைஅட்மின் 1045 என்ற பிழையைக் காட்டுகிறது. வேர்ட்பிரஸும் தரவுத்தளத்துடன் இணைய முடியவில்லை என்கிறது. கடவுச்சொல் எனக்கு நினைவிருக்கிறது. ஆனால் அதைக் கேட்கும் பெட்டியே வரவில்லை. எல்லாவற்றையும் நீக்கிவிட்டுப் புதிதாக நிறுவிவிடலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். உங்கள் தளத்தின் பதிவுகள் அனைத்தும் எக்ஸாம்ப் கோப்புறையில், மைஎஸ்க்யூஎல் (தரவுத்தளச் சர்வர்) என்பதற்குள் இருக்கும் ‘டேட்டா’ கோப்புறையில் உள்ளன. இதே பிழைக்குப் பயந்து அதை அழித்துவிட்டு, இறுதியாண்டு புராஜெக்ட்டை முதலிலிருந்து எழுதிய மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். எக்ஸாம்பின் கட்டுப்பாட்டுப் பலகத்தில் மைஎஸ்க்யூஎல்லை நிறுத்தி, அந்தக் கோப்புறையை வேறோர் இடத்தில் நகலெடுத்து வைத்துவிட்டு, மீண்டும் இயக்குங்கள்.

அடுத்து, பிழைச் செய்தியைக் கடைசி வரை படியுங்கள். பலரும் எண்ணோடு நின்றுவிடுகிறார்கள். வரியின் முடிவில் அடைப்புக்குறிக்குள் ‘யூசிங் பாஸ்வேர்ட்: நோ’ என்று இருக்கும். பிஎச்பிமைஅட்மின் கடவுச்சொல் எதையும் தராமலேயே கதவைத் தட்டியது என்று பொருள். அங்கே ‘யெஸ்’ என்றிருந்தால், தந்தது ஆனால் பொருந்தவில்லை.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்களுக்கு ‘நோ’ என்றுதான் வந்திருக்க வேண்டும். எக்ஸாம்பில் ரூட் பயனருக்குத் தொடக்கத்தில் கடவுச்சொல் கிடையாது. பிஎச்பிமைஅட்மின் தன்னுடைய ‘கான்ஃபிக்’ கோப்பில் ரூட் என்ற பெயரையும் வெற்றுக் கடவுச்சொல்லையும் வைத்துக்கொண்டு, உங்களைக் கேட்காமலேயே உள்ளே போய்வந்தது. நீங்கள் கடவுச்சொல்லை மாற்றியது தரவுத்தளத்தில் மட்டும்தான். பிஎச்பிமைஅட்மினுக்கோ வேர்ட்பிரஸுக்கோ அது தெரியாது.

எக்ஸாம்பின் பிஎச்பிமைஅட்மின் கோப்புறையில் அந்தக் கோப்பை நோட்பேடில் திறந்து, ‘ஆத் டைப்’ என்ற வரியில் ‘கான்ஃபிக்’ என்றிருப்பதைக் ‘குக்கி’ என்று ஆங்கில எழுத்துகளில் மாற்றிச் சேமியுங்கள். பக்கத்தை மீண்டும் திறந்தால் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும். கடவுச்சொல்லை அந்தக் கோப்பிலேயே எழுதிவைக்கும் வழியும் உண்டு. ஆனால் மடிக்கணினியைத் திறக்கும் எவரும் தரவுத்தளத்துக்குள் போய்விடலாம் என்பதால் அதை நான் பரிந்துரைப்பதில்லை.

உள்ளே போனதும் ‘யூசர் அக்கவுண்ட்ஸ்’ பக்கத்தைப் பாருங்கள். ரூட் என்ற பெயர் லோக்கல்ஹோஸ்ட், 127.0.0.1 என ஒன்றுக்கு மேற்பட்ட வரிகளில் இருக்கலாம். இரண்டும் உங்கள் கணினியையே குறித்தாலும், தரவுத்தளத்துக்கு அவை தனித்தனிக் கணக்குகள். ஒன்றுக்கு வைத்த கடவுச்சொல் மற்றதற்குப் பொருந்தாது. சரியாகத் தட்டியும் மறுக்கப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வேர்ட்பிரஸுக்கு ரூட்டைத் தராதீர்கள். அதே பக்கத்தில் புதிய பயனர் ஒருவரை உருவாக்கி, அந்தத் தளத்தின் தரவுத்தளத்துக்கு மட்டும் உரிமை கொடுங்கள். அந்தப் பெயரையும் கடவுச்சொல்லையும் தளத்தின் ‘டபிள்யூபி கான்ஃபிக்’ கோப்பில் எழுதினால் போதும். இனி ரூட் கடவுச்சொல்லை எத்தனை முறை மாற்றினாலும் தளம் நிற்காது.

1045-க்குப் பதில் 2002 வந்தால் கடவுச்சொல்லைத் தொடவே தொடாதீர்கள். பெரும்பாலும் தரவுத்தளச் சர்வர் ஓடவில்லை என்பதே பொருள். கணினியில் ஏற்கெனவே தனியாக நிறுவிய மைஎஸ்க்யூஎல் இருந்து, அது 3306 என்ற போர்ட்டை (தரவுத்தளச் சர்வர் இணைப்புகளை ஏற்கும் வாசல் எண்) பிடித்துக்கொண்டிருந்தால் எக்ஸாம்பின் சர்வர் எழாது. அப்போது பிஎச்பிமைஅட்மின் அந்த வேறு சர்வரின் கதவைத் தட்டி, 1045 வாங்கிக்கொண்டு வருவதும் உண்டு. கடவுச்சொல் சரிதான் என்று உறுதியாகத் தெரிந்தும் நுழைய முடியாதவர்கள் இதைத்தான் முதலில் சோதிக்க வேண்டும்.

ரூட் கடவுச்சொல்லே மறந்துபோனவர்களுக்கும் ஒரு வார்த்தை. ‘மை’ என்ற அமைப்புக் கோப்பில் ‘ஸ்கிப் கிராண்ட் டேபிள்ஸ்’ வரியைச் சேர்த்து, கடவுச்சொல் இல்லாமல் நுழைந்து மாற்றலாம். ஆனால் ‘யூசர்’ அட்டவணையை நேரடியாகத் திருத்தச் சொல்லும் பழைய குறிப்புகள் இப்போது பலிக்காது. மைஎஸ்க்யூஎல் என்று பெயர் காட்டினாலும் எக்ஸாம்பில் இருப்பது அதிலிருந்து பிரிந்து வளர்ந்த மரியாடிபி, அதன் 10.4 பதிப்பிலிருந்து ‘யூசர்’ உண்மையான அட்டவணையே அல்ல. ‘ஃபிளஷ் பிரிவிலேஜஸ்’ கட்டளையை முதலில் கொடுத்து, பிறகு ‘ஆல்டர் யூசர்’ கட்டளையால் மாற்றுங்கள். வேலை முடிந்ததும் சேர்த்த வரியை நீக்கிவிட்டுச் சர்வரை மறுபடி இயக்குங்கள். அந்த வரி இருக்கும்வரை அங்கே யாரிடமும் கடவுச்சொல் கேட்கப்படாது.