மூடிய கார் தொழிற்சாலையை இடிக்காமல் மக்களுக்குப் பயன்படும் இடமாக மாற்ற முடியுமா?

தாராளமாக முடியும். இத்தாலியின் டுரின் நகரிலுள்ள லிங்கொட்டோ நல்ல சான்று. 1923-இல் திறக்கப்பட்ட ஐந்து மாடி ஃபியட் ஆலை அது. மூலப்பொருள் தரைத்தளத்தில் நுழையும். மாடி மாடியாக ஏற ஏற கார் உருவாகும். முடிந்த வண்டியை மொட்டைமாடியில் இருந்த ஓடுபாதையிலேயே ஓட்டிச் சோதிப்பார்கள். (இன்றைக்கும் வியக்க வைக்கும் யோசனை!) காலப்போக்கில் அந்த அமைப்பு பழசாகி, 1982-இல் ஆலை மூடப்பட்டது.

பிறகு கட்டடக் கலைஞர் ரென்சோ பியானோ அதைக் கண்காட்சிக் கூடம், இசையரங்கு, ஹோட்டல், கடைகள் என மாற்றியமைத்தார். 2002-இல் கூரைமேல் ஓவியக் காட்சியகம் வந்தது. 2021-இல் ஓடுபாதையே தோட்டமானது.

இயந்திர எடையைத் தாங்கக் கட்டிய கான்கிரீட் தூண்கள், நீண்ட திறந்த தளங்கள், பெரிய ஜன்னல்கள் இருப்பதால் இத்தகைய கட்டடங்களை வேண்டியபடி பிரித்துக்கொள்ளலாம். ஆனால் மண்ணில் எண்ணெயோ பெயின்ட் கழிவோ ஊறியிருந்தால், முதலில் அதைச் சுத்தம் செய்தே ஆகவேண்டும்.