கணக்கு கேக்காத ரசிகர்கள்

கேள்வி: எம்ஜிஆர் – நம்பியார் காலத்துல நல்லவன் யாரு கெட்டவன் யாருன்னு முதல் சீன்லயே தெரிஞ்சிடும். இப்ப வில்லனுக்கும் ஃப்ளாஷ்பேக் வச்சு அழ விடுறாங்க. சினிமாவும் அரசியலும் பழையபடி தெளிவா இருந்தா என்ன சார்? (ஆரணி வாசகர்)

பதில்: தெளிவா இருந்துச்சா? தியேட்டர் இருட்டுல ரெண்டரை மணி நேரம் இருந்துச்சு, அவ்ளோதான். வெளிய வந்தா அந்த நம்பியார் சுத்த சைவம், அறுபது தடவைக்கு மேல சபரிமலை போன குருசாமி. படத்தைப் பாத்துத் திட்டின பொம்பளைங்க கையில சிக்கினா என்ன ஆயிருப்பாரோ, அது வேற விஷயம்.

அரசியலுக்கு வாங்க. 1967 ஜனவரி 12 எம்.ஆர்.ராதா எம்ஜிஆரைச் சுடுறாரு, படத்துல வில்லனா வந்தவரே நிஜத்துலயும் சுட்டா ஜனங்களுக்கு வேற என்ன வேணும், கழுத்துல கட்டோட எம்ஜிஆர் இருக்கிற போட்டோ போஸ்டராச்சு, ஆஸ்பத்திரில படுத்துக்கிட்டே பரங்கிமலைல ஜெயிச்சாரு. அரிசித் தட்டுப்பாடு, இந்தி எதிர்ப்புன்னு அந்த எலெக்‌ஷனுக்கு ஆயிரம் காரணம் உண்டு, ஆனா பெருசுங்களைக் கேட்டுப் பாருங்க, அந்தக் கட்டைத்தான் சொல்வாங்க.

1972ல தி.மு.க.வுக்குள்ள கட்சிக் கணக்கு கேட்டாரு எம்ஜிஆர், தூக்கிட்டாங்க, தனிக்கட்சி. ஒரு காலத்துல அவர் படத்துக்கு வசனம் எழுதின கலைஞர் ரசிகனுக்கு ராத்திரியோட ராத்திரியா வில்லனாயிட்டாரு. சரி, கணக்கு கேட்டவர்கிட்ட நம்மாளு என்னைக்காவது கணக்கு கேட்டானா? 1982ல சத்துணவு, பசிச்ச பிள்ளைங்க தட்டுல சோறு விழுந்துச்சு, அதை யாரும் குறை சொல்ல முடியாது. அடுத்த வருஷமே டாஸ்மாக் கார்ப்பரேஷனும் அதே ஆட்சியிலதான் பொறந்துச்சு. குடி குடியைக் கெடுக்கும்னு படத்துல புத்தி சொன்ன அதே வாத்தியார். இவரை நீங்க எந்தப் பக்கம் நிறுத்துவீங்க? தலைவர் நல்லவர்னு முடிவு பண்ணிட்டா அப்புறம் பட்ஜெட்டைப் பாக்க வேணாம், பைலைப் பாக்க வேணாம், விசில் அடிச்சா போதும், அந்த சௌகரியத்தைத்தான் நீங்க தெளிவுன்னு சொல்றீங்க.

அதுலயும் ஆரணில உக்காந்துக்கிட்டு இதைக் கேக்குறீங்களே சார், உங்க பக்கம் பாரதக்கூத்து பாத்ததில்லையா? போர் முடியுற படுகளத்தன்னிக்கு மண்ணால துரியோதனனைச் செஞ்சு மல்லாக்கப் படுக்க வச்சிருப்பாங்க, பீமன் தொடையில அடிப்பான், பாஞ்சாலி கூந்தலை முடிஞ்சுக்குவா. உங்க கணக்குப்படி அதோட சுபம் போட்டுட்டு வீட்டுக்குப் போகணும். ஆனா அப்புறம்தான் துரியோதனன் பொண்டாட்டி பெருந்திருவா வேஷம் கட்டினவர் வந்து அந்த மண்ணு மேல விழுந்து ஒப்பாரி வைப்பாரு, கொஞ்சம் முன்னாடி பீமனுக்குக் குலவை போட்ட அதே பொம்பளைங்க முந்தானையால கண்ணைத் தொடச்சிக்கிட்டு நிப்பாங்க. அவனுக்கு அங்க யாரும் ஃப்ளாஷ்பேக் வைக்கலை.